அப்பா வீட்ல இருக்காரு

லிஃப்ட் மெக்கானிக்கை அவன் மகள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனைவி அவனை மாமா என்று கூப்பிடுவாள். குழந்தைக்குப் பேச்சு வந்தபோது வீட்டில் அந்த ஆளுக்குப் புழக்கத்தில் இருந்த பெயர் அதுதான். அவளும் அதையே எடுத்துக்கொண்டாள். அவன் தன் அப்பாவை அப்பா என்று கூப்பிடுவான். ஆக, அப்பா என்ற பதவியும் அந்த வீட்டில் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மூன்றரை வயதுக்காரி, கைக்குக் கிடைத்த தகவல்களை வைத்து யோசித்துச் சரியாகத்தான் முடிவெடுத்திருந்தாள்.

பதவியில் இருந்த பெரியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ராஜினாமா செய்யும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. "நான் பெத்தது வேலை இருந்தாத்தான் அப்பாங்கும். இது சும்மாவே அப்பாங்குது" என்று மகன் காதில் விழும்படி சொல்லிக்கொள்வார். குழந்தைக்குக் குண்டூசி என்று பேர் வைத்ததும் அவர்தான். மெலிந்த உடம்பு, பெரிய தலை, கவனிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் குத்திவிடும்.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எட்டு மாதத்துக்கு முன் கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். புருஷனும் குழந்தையும் வந்து மூன்று மாதம் தங்கிவிட்டுப் போகலாம் என்று இப்போது அனுமதி வந்திருந்தது. மெக்கானிக் தன் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டபோது, லிஃப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவர் பதறினார். படி இருக்கிறது என்று இவன் நினைவூட்டினான். கட்டடத்தில் படி இருப்பதே அந்த ஆபீஸில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

பயணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று அவனுக்கு இருந்தது. விளையாட்டுப் பள்ளி வாசலில் மணி அடித்ததும் ஏதாவது ஒரு குழந்தை "அப்பா" என்று கத்தும். அங்கே நிற்கிற ஆண்கள் அத்தனை பேரும் திரும்புவார்கள். அவனும் திரும்புவான். ஒரு தடவைகூட அது அவனுக்கு வந்ததில்லை. கடிதமே வராத ஆள், தபால்காரர் தெருவில் நுழையும்போதெல்லாம் எழுந்து நிற்பதைப் போல அவன் திரும்பிக்கொண்டிருந்தான். தினமும் பேசும் வீடியோ போனில் மனைவி, "இன்னுமா மாமாங்கிறா?" என்று சிரிப்பாள். அவனும் சிரிப்பான். ஒருநாள் சிரிப்பின் நடுவில் வாயை விட்டுவிட்டான்.

"அங்க வந்து இறங்குறோம். உன் முன்னாடி என்னை அப்பான்னு கூப்பிடுவா. நீயே பாரு."

மறுநாளே பயிற்சி தொடங்கியது. தன் போட்டோவைக் காட்டி இது யார் என்று கேட்டான். மாமா என்றாள். மாமா இல்லை, அப்பா என்றான். குண்டூசி போட்டோவை வாங்கி உற்றுப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "அப்பா இதுல இல்லையே" என்று பரிதாபத்தோடு திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்து, பெரியவரைக் கெஞ்சி ஓர் ஒப்பந்தம் போட்டான். குழந்தை அப்பா என்று கூப்பிட்டால் அவர் திரும்பக் கூடாது. பெரியவர் இரண்டு நாள் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். பாவம், இவருக்குக் காது போய்விட்டது என்று குண்டூசி முடிவுகட்டினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள்ளேயே கூப்பிட ஆரம்பித்தாள். நிஜமாகவே காது போய்விடும் என்ற நிலை வந்ததும் பெரியவர் பதவிக்குத் திரும்பினார். பயிற்சி அத்தோடு முடிந்தது. பெட்டி கட்டுகிற வேலை வந்துவிட்டது.

இரண்டு விமானம், நடுவில் அரைநாள் காத்திருப்பு. மூன்றரை வயதுக் குழந்தையோடு அவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு விமான நிறுவனங்கள் ஏதாவது பட்டம் கொடுக்கலாம். கண்டக்டர் வளர்த்த பிள்ளை என்பதால் குண்டூசிக்கு விமானத்தின் நிர்வாகத்தில் நிறையக் குறைகள் தென்பட்டன. ஏறியபின் யாரும் டிக்கெட் கிழிக்கவில்லை. ஸ்டாப் எதுவும் வரவில்லை. மேகத்துக்கு நடுவே போகும்போது, "ஒண்ணுக்கு வருது. விசில் அடிச்சு நிறுத்தச் சொல்லு மாமா" என்றாள். கழிவறை உள்ளேயே இருக்கிறது என்று கூட்டிப்போய்க் காட்டினான். பஸ்ஸுக்குள்ளேயே போகச் சொல்கிறானே என்று அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வந்து சீட்டில் போனாள்.

ஜன்னல் ஓரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மகன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நல்ல மனிதர். உலகத்தில் நடக்கிற தீமைகளில் கணிசமான பங்கு நல்ல மனிதர்களால் நடப்பது. மெக்கானிக் குழந்தைக்கு உடை மாற்றுவதையும், ஊட்டுவதையும், அவள் துப்பியதைத் தன் கைக்குட்டையில் வாங்குவதையும் அவர் கண் கலங்கப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்பா எங்கே என்று குழந்தையைக் கேட்டார்.

"அப்பா வீட்ல இருக்காரு."

"தங்கச்சி பொண்ணா தம்பி? இந்தக் காலத்துல இப்படி ஒரு தாய்மாமனை நான் பாத்ததே இல்ல" என்றார் அவனிடம்.

விளக்கம் சொல்ல மூன்று தலைமுறையிலிருந்து தொடங்க வேண்டும். அவன் தூங்கி ஒரு நாள் ஆகியிருந்தது. சட்டையில் குழந்தை வாந்தி எடுத்த இடம் காய்ந்து மொறமொறப்பாகியிருந்தது.

"ஆமாங்க" என்றான்.

இறங்கிய ஊரில் வரிசை நீளமாக இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எட்டி எட்டிக் குதித்துக்கொண்டிருந்த குண்டூசியைப் பார்த்துச் சிரித்தார். குழந்தையோடு ஒரே ஓர் ஆள் மட்டும் வந்தால் குழந்தையிடமும் ஒரு வார்த்தை கேட்பது அங்கே வழக்கம். அவனைச் சுட்டிக்காட்டி, இது யார் என்று கேட்டார். விரல் நீட்டிக் கேட்கும் கேள்விக்கு மொழி தேவையில்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா" என்றாள் குண்டூசி, தெளிவாக.

அதிகாரியம்மா குலுங்கிச் சிரித்தார். உலகத்தில் பாதிப் பேருக்கு மாமா என்றால் அம்மா. மீசை வைத்த அம்மாவை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்கும். பக்கத்து வரிசையில் தலைமையாசிரியர் நின்றிருந்தார்.

தன் மொழிக்காரன் ஒருவனைப் பார்த்து வெள்ளந்தியாக ஓர் அம்மா சிரிக்க, விஷயம் புரியாமல் சிரிக்கிறாரே என்று அவருக்குத் தாங்கவில்லை. முப்பது வருடம் பாடம் நடத்திய வாய். நல்ல இங்கிலீஷில், அது அம்மா இல்லை, எங்கள் மொழியில் மாமா என்றால் தாயுடன் பிறந்தவர் என்று விளக்கினார். இந்தப் பையன் தங்கமானவன், நான்தான் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேனே, தாய்மாமன் என்று அவன் வாயாலேயே சொன்னான் என்று நற்சான்றிதழும் கொடுத்தார். பிறகு கை அசைத்துவிட்டுத் திருப்தியோடு போய்விட்டார்.

அதிகாரியம்மா முத்திரையைக் கீழே வைத்தார். காகிதத்தில் இருப்பது அப்பா. குழந்தை சொல்வது மாமா. அந்த ஆளே ஒப்புக்கொண்டதும் மாமா.

கொண்டுபோய் உட்காரவைத்த அறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, குழந்தைகளுக்காக ஒரு கூடை நிறைய பொம்மைகள். குண்டூசி காதறுந்த யானை ஒன்றை எடுத்து டிக்கெட் கேட்க ஆரம்பித்தாள். மெக்கானிக்கின் இங்கிலீஷ் லிஃப்ட் கையேட்டில் கற்றது. அதிக எடை, கதவில் சாயாதீர்கள், அவசரத்தில் பொத்தானை அழுத்தவும் என்ற அளவில் தடையில்லாமல் ஓடும். உறவுமுறைக்கு உதவாது. கண்ணாடிக் கதவு இரண்டைத் தாண்டினால் மனைவி நிற்பாள். இங்கிருந்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பினால், எட்டு மாதம் காத்திருந்தவளுக்கு விமானத்தின் வால்கூடத் தெரியாது. தன் குழந்தையைத் தானே திருடிக்கொண்டு வந்த ஆள் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

மேஜை மேல் இருந்த போனில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். பெண் குரல். கனிவாக, ஆனால் கணக்காகப் பேசியது. யார் எதைச் சொன்னாலும் அப்படியே மொழிபெயர்ப்பேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், சொந்தக் கருத்து சொல்ல எனக்கு அனுமதியில்லை என்று தொடங்கியது.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமில்ல? நம்ம பக்கம் புருஷனையும் மாமான்னு கூப்பிடுவாங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்கம்மா" என்றான் அவன்.

"எனக்குத் தெரியுங்கிறது இங்க கணக்கில்லைங்க. நீங்க சொன்னதா வேணா சொல்றேன்" என்றது குரல். சொன்னது. மாட்டிக்கொண்ட ஆள் சொல்லும் விளக்கத்துக்கு எந்த நாட்டிலும் மரியாதை குறைவு. அதிகாரியம்மா தலையாட்டிவிட்டுக் குழந்தை பக்கம் திரும்பினார்.

உன் அப்பா எங்கே என்று கேட்டார். வீட்டில் என்றாள். என்ன செய்வார்? டிக்கெட் குடுப்பார். அப்பா எப்படி இருப்பார்? குண்டூசி யோசித்து, முடி கிடையாது, பல்லைக் கழற்றி டம்ளரில் போடுவார் என்றாள். குரல் அதையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தது. பிறப்புச் சான்றிதழில் அப்பாவுக்கு முப்பத்திரண்டு வயது. அதிகாரியம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டி அதை இன்னொரு தடவை பார்த்தார்.

"அது எங்கப்பாங்க" என்று அவன் கத்தாத குறையாகச் சொன்னான்.

அதிகாரியம்மா எழுதுவதை நிறுத்தினார். குழந்தையின் அப்பாதான் உனக்கும் அப்பா என்றால், நீ இவளுக்கு அண்ணனா என்று கேட்டார். தர்க்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்த ஊரில் கால் வைத்ததிலிருந்து அவன் அம்மா ஆகி, மாமா ஆகி, இப்போது அண்ணனும் ஆகிவிட்டான். அப்பா மட்டும்தான் பாக்கி.

கடைசிக் கேள்வியாக, உன் அம்மா எங்கே என்று கேட்டார்கள். குண்டூசிக்கு இந்தக் கேள்வி ஏன் என்றே புரியவில்லை. இவ்வளவு நேரமாக அவர்களோடுதானே பேசிக்கொண்டிருக்கிறாள்.

"இதோ" என்று போனைக் காட்டினாள்.

மொழிபெயர்ப்பாளருக்கு அது தெரியவில்லை; இதோ என்பதை மட்டும் மொழிபெயர்த்தார். போனுக்குள்ளிருந்து தமிழில் பேசும் பெண் யாராக இருந்தாலும் அவளுக்கு அம்மாதான் என்பது அந்த அறையில் மெக்கானிக் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் அதைச் சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் வெளியே காத்திருந்தவளைக் கூட்டிவரச் சொல்லி ஆள் போயிருந்தது. கதவு திறந்தது. ஆஸ்பத்திரி உடையோடு, வேலையிலிருந்து நேராக ஓடிவந்தவளின் முகம். அவள் குழந்தை பக்கம் பாய்வதற்குள் அதிகாரியம்மா கையை நீட்டி, பொறு, முதலில் இவர் யார் என்று சொல் என்றார். அவளுக்கு அது காதில் ஏறவே இல்லை. மொறமொறத்த சட்டையோடு குறுகி உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

"என்ன மாமா? என்ன மாமா ஆச்சு?"

போன் கடமை தவறாமல் மொழிபெயர்த்தது: மாமா, என்ன நடந்தது, மாமா?

இரண்டு தடவை. அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

குண்டூசி வந்தவளை ஒரு தடவை பார்த்தாள். நிஜ அளவில், கால் எல்லாம் வைத்து ஒருத்தி. அவள் மெக்கானிக்கின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கை நீட்டியபடி நின்ற தாய், நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். எதையும் விட இதுதான் அவனுக்குத் தாளவில்லை. வா கண்ணு, அம்மா என்று அவன் குழந்தையை முன்னால் இழுத்தான். அவள் பேன்ட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. வீட்டில் ஓர் ஆளையாவது இவள் சரியான பெயரில் கூப்பிடக் கூடாதா என்று நினைத்தான்.

அதிகாரியம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனாவை மூடிவைத்தார். பிறகு போன் பக்கம் குனிந்து, உன் மாமா உனக்கு என்னவெல்லாம் செய்வார் என்று கேட்கச் சொன்னார்.

போனில் கேட்பது அவளுக்கு அம்மா. தினமும் போனில் அம்மாவிடம் கதை சொல்வதுதான் குண்டூசியின் வேலை. காலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, நாற்காலியில் ஏறி, போனிடம் சொன்னாள்.

"மாமா தலை சீவுவாரு, வலிக்கும். நான் துப்புனா அதை மாமாவே சாப்பிட்டுடுவாரு. கதை சொல்லும்போது மாமாதான் ஃபர்ஸ்ட் தூங்குவாரு. நான் எழுப்புவேன். அப்புறம் நீ போனை வச்சதும் குளிக்கப் போறேன்னு பாத்ரூம் போவாரு. குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவாரு. குளிக்கவே மாட்டாரு. காஞ்சுபோய்த்தான் வருவாரு."

குரல் வரி வரியாக மொழிபெயர்த்துக்கொண்டே வந்தது. கடைசி வரிக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டது. அது மொழிபெயர்ப்பில் சேருமா என்று தெரியவில்லை.

மெக்கானிக் கூரையில் இருந்த விளக்கை, அது எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று ஆராய்கிறவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி அவனைப் பார்த்தாள். போனில் பேசி முடிக்கும்போதெல்லாம், குளிக்கப் போகிறேன், வைத்துவிடட்டுமா என்பான். கல்யாணமான புதிதில் குளி குளி என்று துரத்த வேண்டியிருந்த ஆள் இப்படித் திருந்திவிட்டானே என்று கூடவேலை செய்பவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தொடவில்லை. தினமும் கேட்கும் கேள்வியை, தினமும் கேட்கும் குரலில் கேட்டாள்.

"குண்டூசி, பல்லு தேச்சியா?"

குண்டூசி போனைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கி, கிட்டே வந்து, ஒரு விரலை அவள் கன்னத்தில் வைத்துத் தள்ளிப் பார்த்தாள். படம் மாறவில்லை. இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள். அப்புறம்தான் மடியில் ஏறினாள்.

அதிகாரியம்மா கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டார். உங்கள் வீட்டில் யார், யாரை, எப்படிக் கூப்பிடுவீர்கள்? குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"நான் இவரை மாமாம்பேன். இவர் அவங்கப்பாவை அப்பாம்பாரு. எங்களைப் பாத்துத்தானே அவ கூப்பிடுவா? அவ என்ன பண்ணுவா, பாவம்."

முத்திரை விழுந்தது. குழந்தை துப்பியதைச் சாப்பிடுகிற மாமாவை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று அதிகாரியம்மா சொன்னதாக மொழிபெயர்ப்பு வந்தது. போனை வைக்கும் முன், இனி எதுவும் மொழிபெயர்க்க இல்லையே என்று குரல் கேட்டது. இல்லை என்றார்கள்.

"நான்கூட வீட்ல இவரை மாமான்னுதாங்க கூப்பிடுறேன்" என்றது. உடனே வைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறையும் சமையலறையும்தான் வீடு. மூன்று பேர் படுத்தால் கதவைத் திறக்க ஒருவர் எழுந்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த அன்றே மனைவி ஒரு முடிவெடுத்தாள். தப்பு தன்னிடமிருந்து தொடங்கியது, திருத்தமும் தன்னிடமிருந்தே தொடங்க வேண்டும். இனிமேல் அவனை மாமா என்று கூப்பிடுவதில்லை. அதெல்லாம் வேண்டாம், பழக்கத்தை மாற்ற முடியாது என்று அவன் தடுத்துப் பார்த்தான். உள்ளுக்குள் ஆசையாகத்தான் இருந்தது. பெரியவருக்கும் போன் போட்டு, இன்றிலிருந்து நீங்கள் தாத்தா என்று அறிவித்தார்கள். வெளிநாடு போன முதல் நாளே என் பதவியில் கை வைக்கிறீர்களா என்று அவர் கேட்டார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

மாமா போன இடத்தில் அவள் வேறென்ன வைப்பாள்? பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. என்னங்க என்று ஆரம்பித்தாள். முதலில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. என்னங்க, தண்ணி எடுங்க. என்னங்க, குழந்தை எங்கங்க. வேறு யாரோ வீட்டுக்கு வந்துவிட்டதைப் போல அவன் ஒவ்வொரு தடவையும் தாமதமாகத் திரும்பினான். குண்டூசி சாப்பிட்டுக்கொண்டே இருவரையும் மாறி மாறிக் கவனித்தாள். மாமா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தியிருந்தாள். எதற்கும் கூப்பிடவே இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்தாள். புதிய தகவல்கள் வந்துகொண்டிருக்கும்போது அவள் அவசரப்படுகிறவள் இல்லை.

மனைவி அவனுக்குக் கண் காட்டினாள். வந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் காலை. அவன் சமையலறையில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி வேலைக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கழிவறையிலிருந்து குண்டூசியின் குரல் வந்தது. யோசித்து, முடிவு செய்து, புது உடுப்பு போட்டுக்கொண்டதைப் போல வந்தது.

"என்னங்க... முடிஞ்சுதுங்க. வந்து கழுவி விடுங்க."

பாதிப் பின்னலோடு மனைவி சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் அடுப்பை அணைத்தான்.

"இதோ வந்துட்டேங்க" என்று சொல்லிக்கொண்டே போனான்.